அத்தியாயம் 4: ஒதுங்கும் இடம் முதலில், வேலை பிறகு

பாதை வேலைக்குப் புதிதாக வருகிறவர் கையில் முதல் நாளே கடப்பாரையைக் கொடுத்துவிடுவார்கள். அதை வாங்கும் முன் நீங்கள் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: இப்போது வண்டி வந்தால் எங்கே போய் நிற்பேன்? பதில் தெரியாவிட்டால் அந்த இடத்தில் குனியக்கூடாது. இந்த அத்தியாயத்தில் வரும் மற்றதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து கிளைப்பதுதான்.

டிராக்மேன், கீமேன், கேட்கீப்பர், கேபிள் பதிக்க வந்த சிக்னல் பிரிவு ஆட்கள், ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு வந்தவர்கள், ஜேசிபி ஓட்டுகிறவர் ஆகிய எல்லோருக்கும் இது பொருந்தும். விதிப்புத்தகம் செக்‌ஷன் இன்ஜினீயர் அலுவலகத்தில் இருக்கிறது. அதை இங்கே திருப்பி எழுதவில்லை. தளத்தில் எதை முன்னால், எதைப் பின்னால் செய்வது என்பது மட்டுமே இங்கே. விதிக்கும் இதற்கும் எங்காவது வேறுபாடு தெரிந்தால் விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மனதில் நிற்க வேண்டிய அளவுகள்

அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். மேலே ஓடும் பெட்டியின் அகலம் ஏறக்குறைய 3.25 மீட்டர். கழித்துப் பார்த்தால் தண்டவாளத்தின் வெளி விளிம்பைத் தாண்டி இரு பக்கமும் முக்கால் மீட்டர் அளவுக்குப் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும். தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டேன், தப்பித்தேன் என்று நினைக்கிறவரை அடிப்பது இந்த முக்கால் மீட்டர்தான். அதற்கும் வெளியே திறந்து கிடக்கும் கதவு, படியில் தொங்குகிறவரின் பை, சரக்கு வண்டியில் அவிழ்ந்து பறக்கும் தார்ப்பாய்க் கயிறு, ஜன்னலிலிருந்து எறியும் தண்ணீர் பாட்டில் எல்லாம் இருக்கின்றன. ஆகவே கடைசித் தண்டவாளத்திலிருந்து மூன்று பெரிய எட்டாவது தள்ளி, கரையின் ஓரத்துக்கே போய்விடுங்கள்.

இரட்டைப்பாதையில் ஒரு பாதையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை பழைய இடங்களில் 4.725 மீட்டர், புதிதாகப் போட்ட இடங்களில் 5.3 மீட்டர். பழைய இடத்தில் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் எதிரெதிரே போனால் நடுவில் மிச்சம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. நின்றால் பிழைக்கலாம் என்று சொல்பவர் உண்டு. அந்தக் காற்று இழுப்பில் நின்று பார்த்தவர் சொல்ல மாட்டார்.

வேகம்: 110 கிலோமீட்டரில் ஓடும் வண்டி ஒரு நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் கடக்கிறது. 130 கிலோமீட்டரில் 36 மீட்டர். முழு பிரேக் போட்டாலும் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோகோ பைலட் உங்களைப் பார்த்துவிட்டார் என்பதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான்.

எவ்வளவு தூரத்தில் வண்டி கண்ணில் பட வேண்டும்?

பலர் இதைக் கண் மதிப்பில் விட்டுவிடுகிறார்கள். கணக்காகவே போட்டுவிடலாம். ஒருமுறை போட்டுப் பழகினால் இரண்டு நிமிட வேலை.

1. ஆட்கள் வழக்கம்போல் வேலையில் இருக்கும்போது மேட் (குழுத் தலைவர்) விசில் அடிக்கட்டும். விசில் அடித்ததிலிருந்து, கடைசி ஆள் கருவியோடு ஒதுங்கும் இடத்தில் போய் நிற்கும் வரை எத்தனை நொடி என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். மிக மெதுவான ஆளின் நேரம்தான் கணக்கில் சேரும். சராசரி எடுக்காதீர்கள்.
2. அதோடு பத்து நொடி கூட்டுங்கள். வண்டி வந்து சேரும்போது எல்லோரும் நின்று நிதானித்திருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கக்கூடாது.
3. அந்தப் பிரிவில் அனுமதித்த அதிகபட்ச வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றுங்கள். கிலோமீட்டர் கணக்கை 3.6-ஆல் வகுத்தால் போதும்.
4. இரண்டையும் பெருக்குங்கள்.

ஒதுங்க 20 நொடி, கூடுதல் 10 நொடி, வேகம் 110 என்றால் 917 மீட்டர் வருகிறது. 130 கிலோமீட்டர் ஓடும் பிரிவில் அதே ஆட்களுக்கு 1,083 மீட்டர். அந்தத் தூரத்துக்கு முன்பே வண்டி கண்ணில் பட வேண்டும்.

தூரத்தை அளக்க டேப் வேண்டாம். மின்பாதையில் மேல்கம்பியைத் தாங்கும் கம்பங்களை, அதாவது மாஸ்ட்களை, எண்ணுங்கள். நேர்ப்பாதையில் இரண்டு மாஸ்டுக்கு நடுவே அதிகபட்சம் 72 மீட்டர், வளைவில் இன்னும் நெருக்கம். 60 மீட்டர் என்று குறைத்து வைத்துக்கொண்டால் 917 மீட்டருக்கு 16 மாஸ்ட். பதினாறாவது மாஸ்ட் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? வளைவு, வெட்டுப்பள்ளம், கருவேலம் புதர், சாலை மேம்பாலத்தின் தூண் ஏதாவது மறைக்கிறதா? மறைத்தால் அங்கே இன்னொரு லுக்அவுட் மேனை (வண்டி வருவதைப் பார்த்து எச்சரிக்கும் ஆள்) நிறுத்தி, அவர் கொடி காட்டுவதை உங்கள் பக்கத்து லுக்அவுட் மேன் பார்க்கும்படி செய்யுங்கள். அதற்கும் ஆள் இல்லை என்றால் அந்த இடத்தில் வண்டி ஓடும்போது வேலை கிடையாது.

ஜாக்கி போட்டுப் பாதையைத் தூக்கியிருந்தால் அதை இறக்கி வெளியே எடுக்கவே முக்கால் நிமிடம் போய்விடும். கணக்கு 1,600 மீட்டரைத் தாண்டும். எங்கேயும் அவ்வளவு தூரம் தெரியாது. அப்படிப்பட்ட வேலைக்கு முறைப்படி பிளாக், அதாவது அந்தப் பாதையில் வண்டியை நிறுத்தி வைக்கும் அனுமதி, வாங்க வேண்டும். “அவசரமாக முடித்துவிடலாம்” என்பது பிளாக்குக்கு ஈடாகாது.

வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம்

நல்ல மேட்டின் காலைப் பேச்சு இப்படி இருக்கும்:

“தம்பி, அப் லைன்ல வண்டி வந்தா எங்க நிப்ப?”

“வேப்பமரத்துப் பக்கம்ணே.”

“டவுன்ல வந்தா?”

“அப்பவும் அதே பக்கம்தான்ணே. நடுவுல நிக்க மாட்டேன்.”

“கைல ஜல்லிக்கூடை இருந்தா?”

“கூடையைப் பாதைக்கு வெளிய போட்டுட்டுப் போவேன்ணே.”

மேட் சொல்லிவிட்டு ஆட்கள் தலையாட்டினால் பயனில்லை. ஆட்களின் வாயிலிருந்து பதில் வர வேண்டும். கேட்க வேண்டியவை:

- இன்று எந்தப் பாதையில் வேலை, பக்கத்துப் பாதையில் வண்டி ஓடுகிறதா?
- ஒதுங்கும் பக்கம் எது? அங்கே குழி, கேபிள் சுருள், குவித்த ஜல்லி, பழைய சிலீப்பர் தடுக்கிறதா? தடுத்தால் முதல் வேலை அதை அகற்றுவது.
- லுக்அவுட் மேன் யார், அவருக்கு மாற்று யார்?
- இன்று புதிதாக வந்தவர் யார்? அவர் பக்கத்தில் பழைய ஆள் ஒருவர் நிற்பார்.
- ஹிந்தி மட்டும் தெரிந்த ஆள் இருக்கிறாரா? அவருக்கு விசிலின் பொருளைக் கையால் செய்துகாட்டியாயிற்றா?

உடையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஒளிரும் மேல்சட்டை, கணுக்காலை மூடும் ஷூ, தலைக்கவசம். லுங்கி, தொளதொளத்த துப்பட்டா, கழுத்தில் தொங்கும் துண்டு கூடாது. சிவப்புத் துண்டு அறவே வேண்டாம். ரயில் பாதையில் அந்த நிறம் வண்டியை நிறுத்துவதற்கு மட்டும். காதில் இயர்போன் மாட்டிய ஆளை மேட் வேலையை விட்டு அனுப்பினால் அவர் பக்கம் நில்லுங்கள்.

லுக்அவுட் மேன்: ஒரே ஒரு வேலை

குழுவில் வேலை செய்ய முடியாதவரை, உடம்பு சரியில்லாதவரை லுக்அவுட்டுக்கு நிறுத்தும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தலைகீழான வழக்கம் அது. கண், காது நன்றாக உள்ள, சொன்னால் மற்றவர் கேட்கிற ஆள்தான் அங்கே நிற்க வேண்டும்.

1. கையில் விசில், சிவப்பு, பச்சைக் கொடிகள். இரவென்றால் மூவண்ண விளக்கு. பட்டாசு, அதாவது டெட்டனேட்டர், பையில்.
2. நிற்கும் இடம் பாதைக்கு வெளியே. இரண்டு திசையும் தெரிய வேண்டும். இரட்டைப்பாதையிலும் இரண்டு திசையும் பார்க்க வேண்டும். தவறான திசையில் வண்டி அனுப்பும் நாட்களும் உண்டு.
3. வண்டி தெரிந்ததும் நீண்ட விசில். ஆட்கள் நகர்ந்ததைக் கண்ணால் பார்க்கும் வரை விடாமல் ஊதுங்கள்.
4. யாராவது நகராவிட்டால் சிவப்புக் கொடியை வண்டிக்குக் காட்டுங்கள். கொடி கையில் இல்லையா, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். இரவில் சிவப்பு விளக்கு இல்லையென்றால் வெள்ளை விளக்கை வேகமாக வீசி ஆட்டுங்கள். நிறுத்து என்பதற்கான குறி அது.
5. டீ வாங்கப் போகக்கூடாது. ஜல்லி அள்ள உதவக்கூடாது. வேலையை வேடிக்கை பார்க்கவும் கூடாது. இந்தக் கடைசித் தவறுதான் அதிகம் நடக்கிறது.

ஒரே ஆள் வெயிலில் நெடுநேரம் வெறும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் திறந்திருந்தும் பார்வை இருக்காது. மணிக்கு ஒருமுறையாவது ஆளை மாற்றுங்கள். மாற்றும்போது புதியவர் வந்து நின்று “நான் பார்க்கிறேன்” என்று சொன்ன பிறகே பழையவர் நகர வேண்டும்.

காற்று விசிலைத் தின்றுவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதம் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருபது அடியில் கூப்பிட்டால் காதில் விழாது. அங்கே ஒவ்வொருவரையும் தொட்டு எச்சரிக்கும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும். டேம்பிங் மெஷின், ஜெனரேட்டர், தண்டவாளம் அறுக்கும் இயந்திரம் ஓடும் இடத்திலும் இதே ஏற்பாடு.

குறிப்பு: கீமேன்களுக்கு இப்போது ‘ரக்‌ஷக்’ கருவி தருகிறார்கள். வண்டி வருவதை ரேடியோ அலை மூலம் முன்கூட்டியே ஒலித்தும் அதிர்ந்தும் சொல்லும். நல்ல கருவி. ஆனால் அது ஒலிக்கவில்லை என்பதால் வண்டி வரவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். சார்ஜ் தீர்ந்திருந்தாலும் அது ஒலிக்காது.

இரண்டாவது வண்டி

பழைய ஆட்கள் பலர் அடிபடுவது முதல் வண்டியில் அல்ல. ஒரு வண்டி அப் லைனில் தடதடவென்று போகிறது. ஆட்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். கடைசிப் பெட்டி தாண்டியதும் மிச்ச வேலையை முடிக்க ஒரே அடியில் பாதைக்குள் வருகிறார்கள். டவுன் லைனில் இன்னொரு வண்டி வந்துகொண்டிருக்கிறது. அதன் ஹாரனை முதல் வண்டியின் சத்தம் மூடிவிட்டது. அதன் முகத்தை முதல் வண்டியின் பெட்டிகள் மறைத்துவிட்டன.

செய்ய வேண்டியது:

1. எந்தப் பாதையில் வண்டி வந்தாலும் எல்லாப் பாதைகளையும் விட்டு வெளியே வாருங்கள். அப் லைனில் வண்டி என்பதால் டவுன் லைனில் போய் நிற்கக்கூடாது.
2. வண்டி வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். முதுகு காட்ட வேண்டாம். போகும் பெட்டிகளையும் பாருங்கள். தொங்கும் சங்கிலி, புகையும் ஆக்ஸில் தெரிந்தால் கார்டுக்குச் சிவப்பு காட்டுங்கள்.
3. கடைசிப் பெட்டி போன பிறகும் அங்கேயே நில்லுங்கள். சத்தம் அடங்கட்டும். இரண்டு திசையும் தெளிவாகத் தெரியட்டும்.
4. மேட் அல்லது லுக்அவுட் மேன் சொன்ன பிறகே உள்ளே.

இரண்டு வண்டிக்கு நடுவே சிக்கிக்கொண்டால் ஓட முயலாதீர்கள். கருவியை விட்டுவிட்டுத் தரையோடு குப்புறப் படுங்கள். தளர்ந்த துணியை உடம்புக்கு அடியில் இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முழுதாகப் போகும் வரை தலை தூக்காதீர்கள்.

காதையும் அட்டவணையையும் நம்பாதீர்கள்

தண்டவாளத்தில் காது வைத்து வண்டி வருவதைக் கண்டுபிடிக்கலாம் என்ற பேச்சு இன்னும் சுற்றுகிறது. காது வைத்தவர் குனிந்திருக்கிறார், கண்ணைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டார். வேறொன்றும் அதில் கிடைப்பதில்லை. இன்றைய மின்சார என்ஜினும் மெமு வண்டியும் இறக்கத்தில் கரன்ட் இல்லாமல் உருண்டு வரும்போது எதிர்க்காற்றில் அருகில் வரும் வரை சத்தமே கேட்காது.

“பன்னிரண்டரை வண்டி போயாச்சு, இனி மூணு மணிக்குத்தான்” என்பதும் வேண்டாம். தனி என்ஜின், சரக்கு வண்டி, சிறப்பு ரயில், டவர் வேகன், டிராலி எதுவும் அட்டவணையில் இல்லை. யார்டில் இன்னும் மோசம்: என்ஜின் பின்னால் இருக்கும், பெட்டிகள் முன்னால் சத்தமின்றி நகர்ந்து வரும். நின்றிருக்கும் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து கடப்பதும், இரண்டு பெட்டிக்கு நடுவில் கப்ளிங் மேல் ஏறித் தாண்டுவதும் யார்டில் தினமும் நடக்கிறது. தினமும் நடப்பதால் சரியாகிவிடாது. சுற்றிப் போங்கள், பெட்டி முனையிலிருந்து பல எட்டுத் தள்ளி.

வேலை இடத்துக்கு நடந்து போகும்போது கரை ஓரத்தில் நடங்கள். சிலீப்பர் மேல் நடப்பது வசதிதான், அந்த வசதியில்தான் ஆபத்து. இரட்டைப்பாதையில் வண்டி எதிரே வரும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆனாலும் அவ்வப்போது திரும்பிப் பாருங்கள். தண்டவாளத்தின் தலை மேல் கால் வைக்காதீர்கள். எண்ணெய், மழை, பனி எதுவானாலும் வழுக்கும். குறுக்கே கடக்கும்போது தண்டவாளத்தைத் தாண்டி அடி வையுங்கள்.

தலைக்கு மேலே 25,000 வோல்ட்

மின்பாதையின் மேல்கம்பியில் 25 கிலோவோல்ட் ஓடுகிறது. தொட வேண்டிய அவசியமில்லை, நெருங்கினாலே இழுக்கும். உங்கள் உடம்பும் கையில் உள்ள பொருளும் அந்தக் கம்பியிலிருந்து 2 மீட்டருக்குள் போகக்கூடாது. அதற்குள் போக வேண்டிய எந்த வேலைக்கும் பவர் பிளாக் வாங்கி, இரு பக்கமும் எர்த் போட்டு, எழுத்தில் அனுமதி கைக்கு வந்த பிறகே தொடக்கம். “கரன்ட் எடுத்தாச்சாம்” என்று யாரோ சொன்னது அனுமதி ஆகாது. எர்த் போடாத கம்பி, கரன்ட் நிறுத்திய பின்னும் ஆளை அடிக்கும்.

டிராக்மேன் மறந்துபோகும் விஷயங்கள்:

- நீளமான கம்பி, குழாய், ஏணியைச் செங்குத்தாகத் தூக்காதீர்கள். கிடைமட்டமாக, இரண்டு பேராகத் தூக்குங்கள். இரும்பு டேப் வேண்டாம்.
- என்ஜின் திரும்பவிடும் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத்தான் போகிறது. தண்டவாளம் உடைந்திருந்தால் இரண்டு முனைக்கும் நடுவே மின்னழுத்தம் இருக்கும். ஒரு கை ஒரு முனையிலும் மறு கை அடுத்த முனையிலும் படக்கூடாது. ஃபிஷ்பிளேட் கழற்றவோ தண்டவாளம் அறுக்கவோ போகும் முன் இரண்டு பக்கத்தையும் இணைத்துத் தற்காலிக பாண்ட் கட்டுங்கள்.
- மாஸ்டிலிருந்து தண்டவாளத்துக்கு வரும் பட்டை, கம்பி இணைப்பு உங்கள் கடப்பாரைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்பதற்காகக் கழற்றாதீர்கள்.
- அறுந்து கிடக்கும் கம்பி, கிளையோடு தொங்கும் கம்பி, காற்றாடி நூல் சுற்றிய கம்பி எல்லாமே உயிருள்ள கம்பிதான். கிட்டே போகாமல் ஆட்களைத் தடுத்து, ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்லுங்கள்.

ஒருவர் மின்சாரம் தாக்கி விழுந்தால் கைநீட்டி இழுக்கப் போகாதீர்கள். அடுத்து விழுவது நீங்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டு எர்த் போட்டது உறுதியானதும் இழுத்து, மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

இடத்தைச் சொல்லும்போது “ஏரிக்கரை தாண்டி” என்று சொன்னால் வருகிற ஆளுக்குப் புரியாது. மாஸ்டில் ஒரு பலகை இருக்கிறது. கிலோமீட்டரும் மாஸ்ட் எண்ணும் அதில் உண்டு. அதைப் படித்துச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன்பே ஒருமுறை படித்து வைத்துக்கொள்வது நல்லது.

கைக்கும் காலுக்கும் வரும் ஆபத்து

வண்டி மட்டுமே ஆளை முடமாக்குவதில்லை. கிளிப் அடிக்கும் ஆளைப் பாருங்கள். சிலீப்பரில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் எலாஸ்டிக் கிளிப் அடக்கி வைத்த விசையோடு உட்கார்ந்திருக்கிறது. துருப்பிடித்ததை எதிர்ப்புறமாக அடித்து வெளியேற்றும்போது முதல் இரண்டு அடிக்கு அசையாது, மூன்றாவது அடியில் துள்ளிப் பறக்கும். அது பறக்கிற நேர்க்கோட்டில் யாருடைய முழங்காலும் முகமும் இருக்கக்கூடாது. அடிக்கிறவர் பக்கவாட்டில் நிற்கட்டும், மற்றவர்கள் பின்னால் போகட்டும். சுத்தியலின் முகம் காளான் மாதிரி விரிந்திருந்தால் அதிலிருந்து சிம்பு தெறித்துக் கண்ணில் படும். அந்தச் சுத்தியலை ஓரம் வையுங்கள். கண்ணாடி போடுங்கள்.

13 மீட்டர் நீளமுள்ள 60 கிலோ ரகத் தண்டவாளத்தின் எடை 780 கிலோ. கான்கிரீட் சிலீப்பர் ஒன்று கால் டன்னுக்கு மேல். இவற்றைக் கையால் நகர்த்தும்போது ஒருவரே குரல் கொடுக்க வேண்டும், இருவர் கூடாது. தூக்குவதும் ஒரே குரலில், இறக்குவதும் ஒரே குரலில். விழுந்தால் பிடிக்க நினைக்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள்.

வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்ட்டில் இன்னொரு ஆபத்து. மோட்டார் பாயின்ட் எங்கோ ஸ்டேஷனில் பட்டன் அழுத்தினால் முன்னறிவிப்பின்றி நகரும். நாக்குத் தண்டவாளத்துக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவில் ஜல்லி சிக்கியிருக்கிறது என்று கை விட்ட கணத்தில் பாயின்ட் மூடும். விரலை அங்கே ஒருபோதும் வைக்காதீர்கள். கம்பியால் எடுங்கள். வேலை கொஞ்சம் நீளும் என்றால் சிக்னல் ஆட்களிடம் சொல்லி டிஸ்கனெக்‌ஷன் மெமோ போட்டு, பாயின்ட்டின் நடுவில் மரக்கட்டை செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

தண்டவாளம் உடைந்திருப்பதைக் கண்டால்

கீமேன் தனியாக இருக்கும்போது இது நேரும். பதற்றத்தில் வரிசை மாறிவிடும், ஆகவே இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

1. உடைந்த இடத்தில் சிவப்புக் கொடியை நட்டுவிடுங்கள். இரவென்றால் சிவப்பு விளக்கு.
2. எந்தத் திசையிலிருந்து வண்டி முதலில் வருமோ அந்தத் திசையில், கரை ஓரமாக, நிறுத்துக் குறியைக் காட்டியபடியே ஓடுங்கள்.
3. அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒரு பட்டாசு, 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. தண்டவாளத் தலையில் பிடிப்பட்டையை மடித்து இறுக்குங்கள்.
4. வைத்ததும் 50 மீட்டராவது விலகி நில்லுங்கள். வெடிக்கும்போது அதன் தகடு தெறிக்கும். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளை விரட்டுங்கள்.
5. ஒற்றைப்பாதை என்றால் மறு திசைக்கும் இதே. உதவிக்கு ஆள் கிடைத்தால் அவரை அந்தப் பக்கம் அனுப்புங்கள்.
6. மாஸ்ட் எண்ணோடு ஸ்டேஷன் மாஸ்டருக்கும் பக்கத்து கேட்டுக்கும் போன் செய்யுங்கள். ஓடிக்கொண்டே பேச முடியுமென்றால் முதலிலேயே செய்யலாம். போன் பேசுவதற்காக நிற்கக்கூடாது.

பட்டாசின் மேல் உற்பத்தித் தேதி இருக்கும். காலாவதியானதைப் பையில் வைத்துத் திரிவதும் வெறும் பையோடு திரிவதும் ஒன்றுதான்.

இரவு ரோந்து, பாலம், குகை

வடகிழக்குப் பருவமழையில் இரவு ரோந்து போகிறவருக்கு இரண்டு ஆபத்து: பாதையும், பாதையில் வரும் வண்டியும். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தையொட்டிய பாதையை வெள்ளம் அரித்துப்போய்த் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. அதன் பின்னரே லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். வெள்ளம் பாலத்தை மட்டும் அறுப்பதில்லை, பாலத்தையொட்டிய கரை மண்ணை அடியிலிருந்து தின்னும். மேலே தண்டவாளமும் சிலீப்பரும் தொங்கிக்கொண்டிருக்கும். விளக்கைத் தண்டவாளத்தின் மேல் அடிக்காமல் ஜல்லியின் ஓரத்தில், கரைச் சரிவில் அடித்துப் பாருங்கள். கம்பால் குத்திப் பார்த்த பிறகு அடி வையுங்கள். தண்ணீர் அபாயக்கோட்டைத் தொட்டிருந்தால் அந்தப் பாலத்தின் மேல் நீங்களும் போக வேண்டாம், வண்டியையும் விட வேண்டாம். இருவராகப் போகும்போது பேசிக்கொண்டே ஒட்டி நடக்காமல், ஒருவர் சில எட்டு முன்னால் போகட்டும்.

பாலத்தில் ஏறும் முன் வண்டி வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீளமான பாலங்களில் ஒதுங்குமிடங்கள் 100 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் இருக்கும். ஒரு ஒதுங்குமிடத்தில் நின்று, இரு திசையும் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். நடுவில் வண்டி தெரிந்தால் எது பக்கமோ அங்கே. ஓடிக் கரையேறிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். பாலத்தின் அடியில் தேன்கூடு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; ஆட்கள் பாதைக்குள் சிதறி ஓட அது ஒன்று போதும்.

செங்கோட்டை, புனலூர் மலைப்பாதையில் உள்ளதுபோல் குகைக்குள் வேலை என்றால் வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் கண் பழகும்வரை நில்லுங்கள். குகையில் ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. சுவரில் உள்ள ஒதுங்கு மாடங்களை முதலில் எண்ணி வைத்துக்கொண்டு பிறகு வேலை.

ஒப்பந்த ஆட்களும் ஜேசிபியும்

புதுப்பாதை, இரட்டைப்பாதை வேலைகளில் ஓடுகிற பாதைக்கு மிக அருகில் இயந்திரம் சுழல்கிறது. பாதை மையத்திலிருந்து 3.5 மீட்டரில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அதற்குள் இயந்திரமோ லாரியோ வர பிளாக் வேண்டும். கோட்டுக்கும் 6 மீட்டருக்கும் நடுவே என்றால் ரயில்வே மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஜேசிபியின் உடல் கோட்டுக்கு வெளியே இருந்தும் அதன் கை உள்ளே சுழலும், மேலே எழும்பினால் மின்கம்பியை நெருங்கும். ஓட்டுநருக்கு அது தெரியாது, எனவே அவருக்கென்று ஒரு கைகாட்டி ஆள் வேண்டும். வேலை முடிந்த இரவில் ஜேசிபியைச் சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள்.

கூலிக்கு வந்த ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பாதை ஓர நிழலைத் தேடுவார்கள். தண்டவாளத்தில் தலை வைத்து அசந்து தூங்குகிறவர்களும் உண்டு. ஓய்வு இடத்தைக் கரைக்குக் கீழே, தண்ணீர்க் குடத்தோடு, மேற்பார்வையாளரே காட்டிவிட வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் தண்டவாளத்தின் சூடு 60 டிகிரியைத் தொடும். தலைசுற்றும் ஆள் பாதைக்குள் விழுவார் என்பதால் தண்ணீரும் பாதுகாப்புச் சாமான்தான்.

பிளாக்கை முடிக்கும்போது

நேரம் தீர்ந்துகொண்டிருக்கும். கன்ட்ரோலிலிருந்து போன் வந்துகொண்டேயிருக்கும். காலையில் கவனமாக இருந்த குழுவே இந்தக் கடைசிக் கால் மணி நேரத்தில் தவறு செய்கிறது.

1. பிளாக் முடியச் சிறிது நேரம் முன்பே வேலையை நிறுத்துங்கள். முடிக்க முடியாதென்று தெரிந்தால் நேரத்தை நீட்டிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.
2. காலையில் எழுதிய கருவிப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கடப்பாரை, ஜாக்கி, ட்ராலி, பாயின்ட்டில் செருகிய மரக்கட்டை. கட்டை மறந்துபோகும்.
3. எர்த் போட்டவர்களே எர்த்தை எடுக்கட்டும். முதலில் கம்பியிலிருந்து, பிறகு தண்டவாளத்திலிருந்து. போட்டதற்கு நேர் எதிர் வரிசை. எடுக்கும் முன்பே மற்ற எல்லோரும் கீழே இறங்கியிருக்க வேண்டும்; எடுத்த பிறகு அந்தக் கம்பியை உயிருள்ளதாகவே நினையுங்கள்.
4. பாதை வண்டி ஓடத் தகுந்ததா, வேகக் கட்டுப்பாடு வேண்டுமா என்று பார்க்கப் பொறுப்பான மேற்பார்வையாளரே இரண்டு முனை வரை நடக்கட்டும். கட்டுப்பாடு வேண்டுமென்றால் காஷன் ஆர்டருக்கும் பலகைகளுக்கும் ஏற்பாடு ஆன பிறகே அடுத்தது.
5. தலை எண்ணுங்கள். பெயர் சொல்லி, பதில் வாங்கி எண்ணுங்கள். காலையில் வந்தவர் பதினாலு பேர் என்றால் கரையில் பதினாலு முகம் தெரிய வேண்டும். ஒருவர் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார், ஒருவர் புதருக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறார், வந்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால், அவர்கள் வந்து நிற்கும் வரை பிளாக்கை ஒப்படைக்கும் தாளில் கையெழுத்து போடாதீர்கள்.